கனகவல்லி வாங்கி வந்த கார்டு

சென்ற வாரம் இரும்புலியூர் வீட்டில் நடந்ததை ஒரு டம்ளர் காபி ஆறுவதற்குள் சொல்லிவிடலாம். பிளஸ்ஸி டீச்சரின் பெரும்பாக்கம் ஃபிளாட்டுக்காக ஜீவிதா கம்ப்யூட்டரில் வரைந்துகொண்டிருந்த சமையலறை முடியப்போகிற நேரத்தில், திரை முழுக்கப் பச்சையும் ஊதாவுமாகக் கோடு கோடாக ஓடிற்று. பிறகு ஒரேயடியாகக் கறுத்துவிட்டது. கூடத்தில் கீரை ஆய்ந்துகொண்டிருந்த மாமியார் கனகவல்லி தலையைக்கூடத் தூக்காமல், "நல்லதாப் போச்சு. திங்கக்கெழம அந்த சிறுசேரி வேலைக்குப் போற வழியப் பாரு" என்றாள். ஜீவிதா சாப்பிடாமல் படுத்துக்கொண்டாள்.

விடிந்தது வெள்ளிக்கிழமை. கோபத்தைத் தூக்கி வைத்துக் கொஞ்சிக்கொண்டிருக்க ஜீவிதாவுக்கு நேரமில்லை.

பல்லாவரத்தில் அவள் வேலை பார்த்த இன்டீரியர் கம்பெனி மூடியதிலிருந்து வீட்டிலிருந்தபடியே மாடுலர் கிச்சன் டிசைன் செய்துகொண்டிருக்கிறாள். இதுவரை எல்லாம் அடுத்தவர் பெயரில் போன வேலை. கார்பென்டர்கள் கேட்பார்கள், இவள் வரைந்து கொடுப்பாள். அவளையே தேடி நேராக வந்த முதல் ஆள் பிளஸ்ஸி டீச்சர்தான். டீச்சரின் கணவருக்கு மஸ்கட்டில் வேலை, வெள்ளிக்கிழமை விடுமுறை. மாலை ஐந்து மணிக்கு இருவரும் வீடியோ காலில் உட்கார்ந்து சமையலறையைச் சுற்றிப் பார்ப்பதாக ஏற்பாடு. பிடித்துவிட்டால் வேலை ஜீவிதாவுக்கு. காட்ட முடியாவிட்டால், நாளைக் காலை வேறு கம்பெனிக்காரன் வந்து அளவெடுத்துக்கொண்டு போய்விடுவான்.

அதைவிடப் பெரிய சங்கடம், அவளே வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டது. டீச்சர் வேலை கைகூடாவிட்டால் சொந்தத் தொழில் என்ற பேச்சையே விட்டுவிட்டு, கணவன் எழில் சிறுசேரியில் சொல்லி வைத்திருக்கும் டேட்டா என்ட்ரி வேலையில் சேர்ந்துவிடுவதாக வீட்டில் சொல்லியிருந்தாள். முடிவு கேட்டு அந்தக் கம்பெனியிலிருந்து இன்று சாயங்காலமே போன் வரும்.

கனகவல்லிக்கு அந்த வேலை மீது அப்படி ஒரு பிரியம். மெப்ஸ் ஏற்றுமதி வளாகத்தில் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் சட்டைக் காலர் தைத்துத்தான் அவள் எழிலைப் படிக்க வைத்தாள். வேலை என்றால் செருப்பை மாட்டிக்கொண்டு வாசல்படி தாண்ட வேண்டும், கழுத்தில் அட்டை தொங்க வேண்டும், சாயங்காலம் கால் வலிக்க வேண்டும். வீட்டுக்குள் நாற்காலியில் உட்கார்ந்து மவுஸை நகர்த்துவதை அவள் டிவி பார்ப்பதோடு சேர்த்திருந்தாள்.

அந்தக் கம்ப்யூட்டரும் ஒன்றும் பெரிய உசத்தி இல்லை. எழில் கல்லூரியில் படித்த காலத்தில் ஏதோ ஆபீஸ் கழித்துக் கட்டியதை வாங்கிப் போட்டது. ஒல்லியான டப்பா, தடிமனான புத்தகத்தை நிறுத்தி வைத்தது போல இருக்கும். செத்தது அதில் திரைக்குப் படம் அனுப்பும் கிராபிக்ஸ் கார்டு மட்டும்தான் என்பதை ஜீவிதா இரவே கண்டுபிடித்துவிட்டாள். அதைக் கழற்றிவிட்டுப் பார்த்தால் திரை வந்தது, மெயில் படிக்க முடிந்தது. ஆனால் சமையலறைப் படத்தைத் திறந்து ஒரு அலமாரிக் கதவைத் திருப்பினால், அது திரும்பி முடிப்பதற்குள் டீ போட்டுக் குடித்துவிட்டு வரலாம். அதை வைத்துக்கொண்டு மஸ்கட்காரரிடம் பேச முடியாது.

புதிதாக ஒன்று வாங்கிச் செருகுவதும் லேசான காரியம் அல்ல. டப்பா ஒல்லி என்பதால் பாதி உயரக் கார்டுதான் உள்ளே நிற்கும். கரண்ட் கொடுக்கிற எஸ்.எம்.பி.எஸ். பெட்டியும் பழசு, சக்தி குறைச்சல். இப்போது வருகிற பெரிய கார்டுகள் கேட்கிற தனி ஒயர் அதில் கிடையவே கிடையாது. மதர்போர்டிலிருந்து வருகிற கரண்டிலேயே ஓடுகிற சின்னக் கார்டாகப் பார்க்க வேண்டும். மேற்குத் தாம்பரத்தில் கேசவன் கம்ப்யூட்டர் கடை திறந்ததும் பழைய கார்டைக் கையில் எடுத்துக்கொண்டு போவது என்று முடிவு செய்து, எழிலிடமும் சொல்லிவிட்டுத்தான் தூங்கினாள்.

காலையில் பார்த்தால் மேஜை மேல் வைத்திருந்த பழைய கார்டைக் காணோம். மாமியாரையும் காணோம்.

எழில் எப்போதோ ஆபீஸ் பஸ்ஸுக்குப் போயிருந்தான். அடுப்படியில் இட்லி மூடி வைத்திருந்தது. பக்கத்தில் ஜீவிதாவுக்குப் பிடித்த காரச் சட்னி. அவள் மேஜைக்கு அடியில் தேடினாள், பீரோவுக்குப் பின்னால் தேடினாள், கடைசியில் குப்பைக்கூடையையும் கிளறினாள். கிளறும்போதே மாமியாரைப் பற்றி இப்படி நினைக்கிறோமே என்று வெட்கமாகவும் இருந்தது.

வெயில் ஏறிய பிறகு கனகவல்லி வந்தாள். முந்தானையால் முகத்தைத் துடைத்தபடி, ஒரு பெரிய பையோடு நேரே சாமி அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். மணிச்சத்தம் கேட்டது, கற்பூரம் மணத்தது. அப்புறம் ஜீவிதாவை உள்ளே கூப்பிட்டாள்.

தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு, வாழைப்பழம், நடுவில் புத்தம் புதிதாக ஒரு கிராபிக்ஸ் கார்டு.

"நேத்து வாய் தவறி ஒண்ணு சொல்ட்டேன்" என்றாள் கனகவல்லி. "என் வாய்தான் பட்டுச்சோ இன்னாவோ. நீ துன்னாம படுத்ததுல எனக்குத் தூக்கமே வரல. மனசுல வச்சிக்காத. இந்தா."

கல்யாணமாகி வந்த நாளிலிருந்து தீபாவளிப் புடவை தவிர மாமியார் ஜீவிதாவுக்கென்று எதுவும் வாங்கியதில்லை. இப்போது, தனக்குப் பிடிக்காத ஒரு வேலைக்காக, சேர்த்து வைத்த சீட்டுப் பணத்தோடு வெயிலில் அலைந்து வாங்கி வந்திருக்கிறாள். ஜீவிதா குனிந்து மாமியாரின் காலைத் தொட்டாள். பெண் பார்க்க வந்த நாளில்கூட அவள் அப்படி மனசாரத் தொட்டதில்லை.

நிமிர்ந்து தாம்பாளத்தை வாங்கியபோதுதான் கனம் தெரிந்தது. கார்டு செங்கல் அளவுக்கு இருந்தது. இரண்டு காற்றாடிகள், இரண்டின் நடுவிலும் அழகாகச் சந்தனம் வைத்து, அதன்மேல் குங்குமம். போதாததற்கு, மதர்போர்டில் செருகுகிற தங்கநிறப் பல் வரிசையிலும் ஒரு பொட்டு.

கார்டு வந்த அட்டை டப்பாவுக்குப் பொட்டு வைத்திருக்கலாமே என்று அவள் மெதுவாகக் கேட்டாள்.

"டப்பாவத்தான குப்பைல போடப் போறோம்? அதுக்குப் போயி வப்பாங்களா?" என்றாள் கனகவல்லி.

நியாயம்தான். வாங்கிய கதையையும் கனகவல்லியே சொன்னாள். மிக்ஸி ஜார் போனால் பழைய ஜாரை எடுத்துக்கொண்டு போய்க் காட்டி வாங்குவதில்லையா, அப்படித்தான் பழைய கார்டை மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு போயிருக்கிறாள். கேசவன் கடையில் முதலாளி இல்லை. கவுண்டரில் பாலு என்கிறவன் இருந்தான். அவன் எந்தக் கம்ப்யூட்டருக்கு என்று கேட்டிருக்கிறான். நல்ல கம்ப்யூட்டர், என் பையன் வாங்கினது என்று இவள் சொல்லியிருக்கிறாள். பழசு சின்னதாக இருந்ததால்தான் இத்தனை வேலை தாங்காமல் செத்துவிட்டது என்பது அவள் கணிப்பு. கல்யாண வீட்டுச் சமையலுக்கு ஒத்தை பர்னர் அடுப்பு எப்படித் தாங்கும்? ஆகவே கடையில் இருப்பதிலேயே பெரிதாக எடுக்கச் சொல்லியிருக்கிறாள்.

இது உள்ளே போகாது என்று சொல்ல ஜீவிதாவுக்கு நாக்கு எழவில்லை. சொன்னால் அந்த முகம் சுண்டிப்போகும். சொல்லாமல் விட்டால் ஐந்து மணி போய்விடும். கடைசியில் வாயால் சொல்லாமல், கம்ப்யூட்டர் டப்பாவின் பக்கத் தகட்டைக் கழற்றிப் படுக்க வைத்து, "அத்தை, இங்க வந்து பாருங்களேன்" என்று மட்டும் கூப்பிட்டாள்.

கனகவல்லி கார்டை எடுத்து டப்பாவுக்கு மேல் பிடித்தாள். நீளவாக்கில் பிடித்தாள், அகலவாக்கில் திருப்பினாள். எப்படிப் பிடித்தாலும் ஒரு பக்கம் துருத்திக்கொண்டு நின்றது. தையல்காரிக்கு அதற்கு மேல் யாரும் விளக்கம் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"அளவெடுக்காம துணிய வெட்டிட்டேன்" என்றாள். கார்டைத் திரும்பத் தாம்பாளத்தில் வைத்துவிட்டு அப்படியே கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள். "இத்தினி வருசம் தெச்சவ நானு."

மாற்றிக்கொள்ளலாம் என்று ஜீவிதா தேற்றினாள். சாமிக்கு வைத்ததைத் திருப்பிக் கொடுப்பதா என்று கனகவல்லி முதலில் முரண்டு பிடித்தாள். சாமி கார்டைக் கேட்கவில்லை, ஐந்து மணிக்குள் வேலை நடக்க வேண்டும் என்றுதானே நீங்கள் வேண்டிக்கொண்டீர்கள் என்று ஜீவிதா கேட்டதும், சாமி அறைப் பக்கம் ஒரு கும்பிடு போட்டுவிட்டு எழுந்தாள். கிளம்பும்போது தையல் மெஷின் டிராயரைத் திறந்து எதையோ எடுத்துப் பையில் போட்டுக்கொண்டாள்.

ஷேர் ஆட்டோ பிடித்து ஜி.எஸ்.டி. ரோட்டில் ஊர்ந்து மேற்குத் தாம்பரம் போய்ச் சேரும்போது கேசவனே கடையில் இருந்தார். கார்டைப் பார்த்ததும் அவர் முகம் மாறியது. சீல் பிரித்ததையே கம்பெனி திரும்ப எடுக்காது, இதில் சந்தனம் வேறு என்றார். பல்வரிசையில் குங்குமத்தோடு அனுப்பினால் தன்னைப் பைத்தியக்காரன் என்பார்கள் என்றும் சொன்னார்.

கனகவல்லி வாதாடவில்லை. அவர் பக்கத்திலிருந்த பில் போடும் கம்ப்யூட்டரையே பார்த்தாள். அதன் நெற்றியில் அன்று காலை வைத்த பொட்டு பளிச்சென்று இருந்தது. கல்லாவுக்கு ஒன்று, பிரிண்டருக்கு ஒன்று. கேசவனும் அவள் பார்வை போன திசையில் பார்த்தார். சிரிப்பை அடக்க முடியாமல் தலையைச் சொறிந்தார்.

"தப்பு என் மேலயும் கீது சார்" என்றான் பாலு. டப்பா அளவும் எஸ்.எம்.பி.எஸ்.ஸும் கேட்காமல் கார்டு கொடுக்கக் கூடாது என்பது கடையில் முதலாளி வைத்த சட்டம். பெரியம்மா பெரிசு பெரிசு என்று கேட்டதில் தானும் கேட்க மறந்துவிட்டதாக ஒப்புக்கொண்டான்.

அதற்கப்புறம் கேசவன் ஒரு வழி சொன்னார். கார்டை அப்படியே வைத்துக்கொள்ளுங்கள். அதற்கேற்ற பெரிய கேபினட் டப்பாவும் புது எஸ்.எம்.பி.எஸ்.ஸும் போட்டு எல்லாவற்றையும் மாற்றித் தருகிறேன், நாளை வாங்கிக்கொள்ளலாம். ஜீவிதா யோசித்தாள். மாமியார் ஆசையாக வாங்கியது வீட்டிலேயே இருக்கும், அவள் மனசும் நோகாது. ஆனால் மதர்போர்டும் பிராசஸரும் பழசு. இத்தனை பெரிய கார்டை அதில் பூட்டினால் பாதி சக்தி சும்மாதான் கிடக்கும். நாளை என்பதும் டீச்சர் வேலைக்கு உதவாது. மாமியார் முகத்தைப் பார்த்தாள்.

"என்னப் பாக்காத" என்றாள் கனகவல்லி. "உன் மிஷினு. உன் வேலைக்கு எது ஆவும்னு நீ சொல்லு."

உன் வேலை என்று அவள் வாயிலிருந்து வந்தது ஜீவிதாவுக்குத் தைரியம் கொடுத்தது. தனி ஒயர் கேட்காத, பாதி உயரக் கார்டு, த்ரீ-டி படம் வரைகிறவர்கள் பயன்படுத்துகிற ரகமாக இருக்கிறதா என்று கேட்டாள். கேசவன் உள்ளேயிருந்து ஒன்றைக் கொண்டுவந்தார். ஏதோ டிசைன் ஆபீஸ் கம்ப்யூட்டர்களைக் கழித்தபோது வந்தது. உள்ளங்கை அகலம், ஒரே ஒரு சின்னக் காற்றாடி. கம்ப்யூட்டரில் கேம் ஆடுகிற பையன்களுக்கு இது பிடிக்காது, ஆனால் படம் வரைய இதைவிட அடக்கமான கார்டு கிடையாது என்றார். ஜீவிதா அதன் பெயரைத் தன் மென்பொருள் ஏற்றுக்கொள்ளும் கார்டுகளோடு போனில் ஒத்துப் பார்த்தாள். இருந்தது. பழைய மதர்போர்டில் ஓடுமா என்று கேட்டதற்கு, பாலு அதே காலத்து மெஷின் ஒன்றில் செருகி ஓட்டிக் காட்டினான்.

பழசு என்றதும் கனகவல்லி முகம் சுளித்தாள். ஆனாலும் பையிலிருந்து தையல் டேப்பை எடுத்தாள். கார்டின் நீளம், உயரம், தடிமன் மூன்றையும் அளந்தாள். வீட்டை விட்டுக் கிளம்பும் முன்பே டப்பாவின் உள்ளளவை எடுத்து வைத்திருந்தாள் என்பது அப்போதுதான் ஜீவிதாவுக்குத் தெரிந்தது.

"புடிக்கிறாப்லதான் கீது. உள்ள கொஞ்சம் காத்து போவ எடமும் கீது" என்று தீர்ப்புச் சொன்னாள்.

பெரிய கார்டைத் துடைத்து, ஓட்டிப் பார்த்து, பிரித்த சரக்காக விற்றுக்கொள்ள கேசவன் ஒப்புக்கொண்டார். அதற்கு ஈடாகச் சின்னக் கார்டும், பழைய மானிட்டருக்கு வேண்டிய கன்வெர்ட்டரும், கம்ப்யூட்டர் வேகமாக ஓட ஒரு ராம் மெமரிக் குச்சியும் கொடுத்து, மிச்சத்தையும் திருப்பினார். கார்டு ஓடாவிட்டால் மாற்றித் தருவதாக டெஸ்டிங் வாரன்டி பில்லில் எழுதச் சொல்லி நின்று வாங்கியது கனகவல்லி. அத்தனை பேருக்கும் அன்றைக்கு ஜீவிதா நன்றி சொன்னாள். தப்பை ஒப்புக்கொண்ட பாலுவுக்கு இரண்டு முறை சொன்னாள்.

வீட்டுக்கு வந்து கார்டைச் செருகினாள். சொன்னபடி உட்கார்ந்தது. ஸ்விட்சைப் போட்டால் காற்றாடி சுற்றுகிறது, திரை மட்டும் கறுப்பாகவே நிற்கிறது. கனகவல்லி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். நேற்றைய அனுபவம் அவளுக்குப் போதும். ஜீவிதா கழற்றி மறுபடி செருகினாள். அப்போதும் கறுப்பு. அப்புறம் டப்பாவின் பின்பக்கம் எட்டிப் பார்த்தவள் தன் தலையில் தானே தட்டிக்கொண்டாள். மானிட்டர் ஒயரை நேற்று மதர்போர்டு ஓட்டைக்கு மாற்றியது அப்படியே இருந்தது. அதை உருவிக் கன்வெர்ட்டரில் மாட்டிக் கார்டில் செருகியதும் திரை வெளிச்சமாகியது.

கார்டுக்கான டிரைவர் மென்பொருளை ஏற்றிவிட்டு சமையலறைப் படத்தைத் திறந்தாள். அலமாரிக் கதவு அவள் மவுஸ் போன பக்கமெல்லாம் கூடவே வந்தது. கனகவல்லி ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். படத்துக்குள் நுழைந்து அடுப்பைச் சுற்றி, சிங்க்கைத் தாண்டி, ஜன்னல் வரை போய்த் திரும்பினாள் ஜீவிதா. இந்த வீட்டில் அவள் இதைத்தான் செய்துகொண்டிருந்தாள் என்பதை மாமியார் இன்றுதான் கண்ணால் பார்க்கிறாள்.

"இது மொத்தமும் நீயா கட்டின?" என்று கேட்டாள் கனகவல்லி. ஆமாம் என்று ஜீவிதா சொன்னதும் எழுந்து போய்த் தட்டில் சோறு போட்டுக் கொண்டுவந்து மவுஸுக்குப் பக்கத்தில் வைத்தாள். ஜீவிதா நேற்று மதியத்துக்குப் பிறகு அப்போதுதான் வயிறாரச் சாப்பிட்டாள்.

ஐந்து மணிக்கு டீச்சரும் கணவரும் திரையில் வந்தார்கள். கணவர் கறாரான ஆள். ஃபிரிட்ஜ் இந்தப் பக்கம் வந்தால் எப்படியிருக்கும், மேல் அலமாரி நிறம் மாறினால் எப்படியிருக்கும் என்று கேட்டுக்கொண்டே போனார். அவர் கேட்டு முடிப்பதற்குள் ஜீவிதா நகர்த்திக் காட்டினாள், மாற்றிக் காட்டினாள். கடைசியில் அவர் மனைவியிடம், உனக்குப் பிடித்திருந்தால் சரி என்றார். டீச்சர் நாளையே வந்து முன்பணம் தருவதாகச் சொன்னாள். எங்கள் மாடி வீட்டுக்காரரும் டிசைன் செய்ய ஆள் தேடுகிறார், உங்கள் நம்பரைக் கொடுக்கட்டுமா என்றும் கேட்டாள்.

ஹெட்போனைக் கழற்றியபோது ஜீவிதாவுக்கு அழுகையும் சிரிப்புமாக வந்தது. மாமியாரிடம் சொல்லத் திரும்பினாள். கனகவல்லி அடுப்படியில், சார்ஜில் போட்டிருந்த ஜீவிதாவின் போனைக் காதில் வைத்துக்கொண்டு நின்றாள். தொந்தரவு கூடாதென்று குரலை இறக்கித்தான் பேசினாள். ஆனால் ஃபேக்டரி மெஷின்களுக்கு மேலே பேசிப் பழகிய தொண்டை அது.

"சிறுசேரியா? ஆமாம்மா, அவ மாமியாரு பேசறேன். இல்ல, திங்கக்கெழம அவ வர மாட்டா. வூட்ல அவளுக்கு வேலை கீது."

பேசி முடித்துத் திரும்பியவளைப் பார்த்து ஜீவிதா அடுப்படி வாசலிலேயே நின்றுவிட்டாள். தன்னைக் கேட்காமல் சொல்லிவிட்டாளே என்ற திகைப்பு ஒரு நொடிதான். அதற்குப் பின்னால் வந்த சந்தோஷம் மிகப் பெரிது. ஓடிப்போய் மாமியாரைக் கட்டிக்கொண்டாள். கனகவல்லி கூச்சத்தோடு, விடுடி, கையெல்லாம் மாவு என்றாள்.

வாசலில் எழில் நின்றிருந்தான். ஆபீஸ் பஸ் ஏழு மணிக்கு முன்னால் இரும்புலியூர் வந்ததே கிடையாது. அவன் ஷூவைக் கழற்றாமல், தோள் பையை இறக்காமல், அம்மா கையிலிருந்த போனையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அந்த வேலைய வேணாம்னுட்டியாம்மா?" என்று கேட்டான்.

ஏன் என்று கனகவல்லி கேட்டாள். அவன் வாசல்படியிலேயே உட்கார்ந்தான். "சென்னை ஆபீஸ மூடறாங்க. பெங்களூர் வந்தா வேலை இருக்காம், வரலைன்னா இல்லையாம். திங்கக்கெழம சொல்லணும்."

கனகவல்லி போனை மருமகளிடம் நீட்டினாள். திருப்பிக் கூப்பிட்டு, கெழவி தெரியாம உளறிட்டான்னு சொல்லிடு, அவங்க தப்பா எடுத்துக்க மாட்டாங்க என்றாள். அவள் குரல் இறங்கியிருந்தது.

ஜீவிதா போனை வாங்கிக்கொண்டாள். கூப்பிடவில்லை.

"நீங்க சரியாத்தான் சொன்னீங்க அத்தை. எனக்கு வேலை இருக்கு. இன்னைக்கு அது உங்களாலதான் நிலைச்சுது" என்றாள். பிறகு எழிலிடம், டீச்சர் சம்மதித்ததையும், மாடி வீட்டுக்காரர் கேட்பதையும், ஒன்றையும் கூட்டாமல் குறைக்காமல் சொன்னாள். அவன் தலையைக் குனிந்தபடி கேட்டான். கேட்டு முடித்ததும் நிமிர்ந்தான்.

"அப்ப பெங்களூருக்கு நான் என்ன பதில் சொல்லட்டும்?"

அவன் கேட்டது ஜீவிதாவைப் பார்த்து. இதுவரை அந்த வீட்டில் இப்படிப்பட்ட கேள்வி எல்லாம் கனகவல்லியிடம்தான் போகும். இப்போது அவளும் ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு, மருமகள் என்ன சொல்லப்போகிறாள் என்று கேட்க உட்கார்ந்தாள்.